கையை எடுத்தால் நிற்க வேண்டும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணயர்ந்து தூங்கி, பத்து விரலோடும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய்கூட எழுதக்கூடாது என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, எதற்கு இந்த வேலை என்று நீ நினைக்கலாம். போனில் உன்னிடம் எதையும் சொல்லி முடிக்க முடியவில்லை கண்ணு. நான் ஒன்று ஆரம்பித்தால் நீ சிரிக்கிறாய், நீ சிரித்தால் நானும் சிரித்துத் தொலைக்கிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. முழுதும் படி. வேலைக்குப் போவதற்கு முன்னால் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னாயே, அதைப் பற்றித்தான். உன் கம்பெனியில் அட்டை வெட்டுகிற இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி கீழே இறங்கும் என்றாய். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்கு அடியில் கை இருக்காது, அதற்காகத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கே புரிகிறது. நீ என்னடாவென்றால், ஓர் அட்டைத் துண்டை மடித்து இடது பொத்தானில் செருகி அதை அழுத்தியபடியே நிறுத்திவிட்டாய். இப்போது இடது கையால் அட்டையைத் தள்ளிக்கொண்டே வலது கையால் மட்டும் அழுத்துகிறாய், வேலை பறக்கிறது, உன்னைப் பார்த்துப் பக்கத்து இயந்திரத்துப் பெண்களும் அப்படியே செய்கிறார்கள். "அப்பா டில்லர்ல கிளட்சைக் கட்டி வெப்பாரே, அந்த மூளைதாம்மா எனக்கும்" என்று சொல்லிச் சிரித்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். அப்பா எங்கே என்று நீ கேட்டாய், கை கழுவப் போயிருக்கிறார் என்று சொன்னேன். அவர் கை கழுவப் போகவில்லை. பின்பக்கம் போய், மண்ணைப் புரட்டுகிற நம் டில்லரின் மேல் இருந்த தார்ப்பாயைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன், பதறாமல் படி. அப்பாவுக்குக் கால் சுளுக்கு என்று உன்னிடம் சொன்னோமே, அது சுளுக்கு இல்லை. இடது காலில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்குக் கீழே தையல் போட்ட தழும்பும் இருக்கிறது. புண் ஆறிவிட்டது, நடக்கிறார், சுண்டுவிரல் பக்கம் ஊன்ற முடியாததால் கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், மற்றபடி அதே வாய், அதே கோபம். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகத் தடுத்தவர் அவர்தான். "அவ அங்க தனியா கெடக்கா, சொல்லி என்ன ஆகப்போகுது, ரெண்டு நாள் அழுவா, வேலைல கவனம் போகும்" என்றார். நானும் சரி என்றேன். நாங்கள் மறைத்தது உன் நிம்மதிக்காக என்று நினைத்தோம். அந்த நிம்மதியில் நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் விரல்களை எடுத்தது நம் டில்லர்தான். கிளட்சைக் கட்டி வைத்திருந்ததால்தான் எடுத்தது.

அந்த மெஷினைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அதைப் பெரியவர் என்பார், நான் மாமியார் என்பேன். காலையில் கெஞ்சினால்தான் எழுந்திருக்கும், எழுந்துவிட்டால் சாயங்காலம் வரைக்கும் வாய் ஓயாது. நீ போன பிறகு அதற்கு வயது இன்னும் ஏறிவிட்டது. ஒரு வாரம் சும்மா நின்றால் டேங்கில் இருக்கிற பெட்ரோல் கெட்டு கார்புரேட்டரின் துளை அடைத்துக்கொள்கிறது, அதைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்தி ஊதினால்தான் மூச்சு விடுகிறது. கத்திகளில் சுற்றிய வேரையும் புல்லையும் அன்றன்றைக்கே அறுத்து எடுக்க வேண்டும், விட்டுவிட்டால் அது உள்ளே ஏறி ரப்பர் அடைப்பைத் தின்று கியர் ஆயில் ஒழுகுகிறது. பெல்ட் தளர்கிறது, இழுக்கிற கயிறு இற்றுப்போகிறது, நிறுத்துகிற சுவிட்ச் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது, சோக்கை இழுத்து மூச்சடைக்க வைத்துத்தான் அணைப்போம். இதெல்லாம் மெஷினுக்கு. அதைப் பிடித்துப் பிடித்து அப்பாவின் கைக்கு என்ன ஆயிற்று என்பது நீ போன பிறகு நடந்தது. முதலில் விரல் நுனி மரத்துப்போகிறது என்றார். பிறகு குளிர்ந்த காலைகளில் விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிடும். டம்ளர் கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், "புதுப் பொண்டாட்டின்னு நெனப்பு" என்று அதற்கும் ஒரு கேலி. டாக்டரிடம் போனோம். அத்தனை வருஷ அதிர்வு நரம்பைத் தின்றுவிட்டது, இனிமேல் மெஷினைத் தொடாதீர்கள் என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்குப் போனார். தொடாமல் எதைத் தின்பது என்று டாக்டரும் சொல்லவில்லை, கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை, பின்னால் வரிசை நின்றது.

உனக்குத் தெரியும், அந்த மெஷினில் கைப்பிடிக்குக் கீழே இருக்கிற கிளட்ச் கம்பியை அழுத்திப் பிடித்திருந்தால்தான் சக்கரமும் கத்தியும் சுற்றும், கையை எடுத்தால் நின்றுவிடும். நீ இங்கே இருந்தபோது அப்பா எப்போதாவது கை அசந்தால் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அதில் மாட்டி வைப்பார், அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். விரல் மரத்த பிறகு அந்த வளையம் கழன்றதே இல்லை. கியர் மாற்றும்போது ஒரு நொடி தள்ளிவிடுவார், மறுபடி மாட்டுவார். இதை மறைவாகவும் செய்யவில்லை, எல்லோர் கண் முன்னாலும்தான். நமக்கு வேலை பிடித்துத் தருகிற ஒப்பந்தக்காரனை உனக்கு நினைவிருக்கும், எதற்கெடுத்தாலும் சட்டுபுட்டுனு முடிங்க, சட்டுபுட்டுனு முடிங்க என்பானே, இப்போது அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அந்தச் சட்டுபுட்டு ஒரு நாள் வளையத்தைத் தொட்டுப் பார்த்து, "அண்ணே, நீங்க இன்ஜினியரா போயிருக்க வேண்டியவரு" என்றான். மற்றவர்களிடமும் காட்டி, இப்படிச் செய்யுங்கள், வேலை எப்படி ஓடுகிறது பாருங்கள் என்றான். அப்பா முகத்தில் எவ்வளவு பெருமை. எனக்கும்தான்.

அது ஒரு பெரிய வீட்டுத் தோட்டம். கண்ணாடிச் சுவர் வைத்த வீடு. வார இறுதியில் விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் பழைய செடிகளையெல்லாம் தள்ளிவிட்டுப் புல்தரை போட வேண்டும் என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருந்தார். முந்தின நாள் மழை, மண் கொழகொழவென்று கிடந்தது. காயட்டும், நாளைக்குச் செய்யலாம் என்று அப்பா சொன்னார், சட்டுபுட்டு என்ன சொல்லியிருப்பான் என்று உனக்கே தெரியும். நான் எப்போதும் போல முன்னால் நடந்து கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிக்கொண்டிருந்தேன், அப்பா பின்னால் ஓட்டிக்கொண்டு வந்தார். மதில் ஓரத்து மூலையில் திரும்ப இடம் இல்லாததால் ரிவர்ஸ் போட்டார். அங்கே எப்போதோ வெட்டிய மரத்தின் வேர் மண்ணுக்கு அடியில் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. கத்தி அதில் ஏறியதும் மெஷின் ஒரு துள்ளு துள்ளி அப்பாவின் மேல் வந்தது. பின்னால் மதில், கால் வழுக்குகிறது, போக இடமில்லை. அவர் செய்ய வேண்டியதைச் செய்தார், இரண்டு கையையும் எடுத்துவிட்டார். நின்றிருக்க வேண்டும். அதற்காகத்தானே அந்தக் கம்பி. வளையம் மாட்டியிருந்ததால் அது நிற்கவில்லை, யாருமே பிடிக்காமல் தானாக அவர் காலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அவர் குனிந்து வளையத்தைப் பிடுங்கப் பார்த்தார். பிடுங்க முடியவில்லை, ஏனென்றால் அது விரலில் அகப்பட்டிருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் ஓடினேன். சோக் மதில் பக்கம் இருந்தது, எட்டவில்லை. எண்ணெய் துடைக்கிற துணி தோளில் கிடந்தது, அதைச் சுற்றிப் பிளக் மூடியைப் பிடித்து இழுத்தேன், தோள்பட்டை வரைக்கும் கரண்ட் அடித்தது, மூடி கையோடு வந்தது, மெஷின் செத்தது. அப்போதுதான் அப்பாவின் சத்தம் எனக்குக் கேட்டது. அதுவரைக்கும் இன்ஜின் சத்தத்தில் அவர் கத்தியதே கேட்கவில்லை.

மாடி ஜன்னல் திறந்தது. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "என்ன சத்தம்மா அங்க, தண்ணி பைப்பை ஒடச்சிட்டீங்களா" என்று கேட்டார். நான் அவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார், ஓடி வந்தார், உடனே டிரைவரைக் கூப்பிட்டுக் காரை எடுக்கச் சொன்னார். பின் சீட்டில் பிளாஸ்டிக் விரித்துவிட்டு ஏற்று என்றும் சொன்னார். டிரைவர் பிளாஸ்டிக்கைத் தேடவே போகவில்லை. "ஏறுங்கக்கா, சீட்டு கெடக்குது சீட்டு, காலை மேல தூக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு, சிவப்பு விளக்கு எதையும் மதிக்காமல் ஓட்டினார். வழியெல்லாம் அப்பா, மெஷினை வெயிலில் விட்டுவிட்டு வந்துவிட்டோமே, மெஷினை வெயிலில் விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார். மறுநாள் அதே டிரைவர் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, மீதிப் பாதியை யாரு உழுவாங்கன்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சட்டுபுட்டுவும் ஒரு பை ஆப்பிளோடு வந்தான். வந்து நின்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கிளட்சை யாருண்ணே கட்டச் சொன்னது?" இன்ஜினியராகப் போயிருக்க வேண்டியவர் என்று சொன்ன அதே வாய். பிறகு குரலைத் தாழ்த்தி, யாராவது கேட்டால் சொந்த வீட்டுத் தோட்டத்தில் நடந்தது என்று சொல்லிவிடுங்கள், அடுத்தடுத்து வேலை இருக்கிறது, அண்ணன் எழுந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றான். நர்ஸ் வந்து எங்கே நடந்தது என்று கேட்டபோது அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு வீட்டில் என்றார். நமக்கு வீட்டில் தோட்டம் எங்கே இருக்கிறது, இரண்டு பூந்தொட்டி இருக்கிறது. நான் எழுந்து, இல்லை, வேலை செய்கிற இடத்தில், அவர் அனுப்பிய வேலையில் என்று சொல்லி ஆப்பிள் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சட்டுபுட்டுவைக் காட்டினேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அப்பாவுக்கு அன்றைக்கு முழுக்க என்மேல் கோபம். நம் வேலையில் நீ மண்ணைப் போட்டுவிட்டாய் என்றார். நம் பிழைப்பே அதுதானே, மண்ணைத்தானே புரட்டுகிறோம் என்றேன். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, கால் ஆடித் தையல் இழுக்கவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை முறைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, காய் நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அந்த வளையத்தை அறுத்தது. அத்தை வந்திருந்தாள், அந்த எமனை எவன் தலையிலாவது கட்டிவிட்டுத் தொலையுங்கள் என்று ஒரு மூச்சு அழுதாள். அத்தைக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் எங்களைத் திட்ட மட்டும் இரண்டு தெரு நடந்து வந்துவிடுகிறாள், உன்னையும் ரொம்ப விசாரித்தாள், கல்யாணப் பேச்சை எடுத்தாள், நான் வேறு பேச்சுக்கு மாற்றிவிட்டேன். மெஷினை விற்கலாம்தான். விற்றுவிட்டு நானும் உன் அப்பாவும் எந்த ஆபீஸில் போய் உட்காரப் போகிறோம்? அதனால் விற்கவில்லை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். அத்தனை காலம் செத்துக் கிடந்த சுவிட்சுக்கு முதலில் புது வயர் இழுத்தார். இப்போது அவர் விரலுக்கு எதுவும் தெரியாததால், ஸ்பானரை நான் பிடித்துத் திருகுகிறேன், "இறுகுதா? எதிர்க்குதா? இன்னும் வழுக்குதா?" என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், என் கைக்குத் தெரிவதை நான் சொல்ல வேண்டும், போதும் என்று அவர் சொன்னால் நிறுத்த வேண்டும். முதல் தடவை ஒரு போல்ட்டை மரை போகிற அளவுக்கு இறுக்கிவிட்டேன், "அது என் கழுத்து இல்லடி" என்றார். இப்படியே சண்டை போட்டுப் போட்டு மாமியாரை எழுப்பிவிட்டோம். எழுந்தாள். ஒரே இழுப்பில் எழுந்தாள் என்றால் நம்புவாயா?

சட்டுபுட்டு எங்களைக் கொஞ்ச காலம் மறந்திருந்தான். குறுகலான தோட்டங்களுக்குள் பெரிய மெஷின் போகாது, வேறு ஆளும் கிடைக்கவில்லை, அதனால் தானாக வந்தான். இப்போது ஓட்டுகிறவள் நான். அப்பா முன்னால் குச்சியோடு நடந்து மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டே போகிறார், வேர் தட்டுப்பட்டால் கையைத் தூக்குகிறார். நான் கிளட்சைப் பிடித்திருக்கிறேன். கொஞ்ச தூரம் போனதும் உள்ளங்கை எரியும், மணிக்கட்டு கழன்றுவிடும் போல இருக்கும், கையை எடுத்துவிடுவேன், மெஷின் நிற்கும், விரலை மடக்கி நீட்டிவிட்டு மறுபடி பிடிப்பேன். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. முதல் நாளே சட்டுபுட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பொறுக்க முடியாமல் கத்தினான். "என்னக்கா நின்னு நின்னு போறீங்க, அண்ணன் மாதிரி ஒரு வளையத்தை மாட்டுங்கக்கா, சட்டுபுட்டுனு போயிரும்." அப்பா அங்கேயே நிற்கிறார், இரண்டு விரல் இல்லாத அந்தக் காலோடு. அவன் அதைப் பார்த்துக்கொண்டேதான் சொல்கிறான். நான் மெஷினை அணைத்தேன். "உன் செருப்பைக் கழட்டிட்டு வந்து காலை இதுக்கு முன்னாடி வை. இப்பவே மாட்டுறேன்" என்றேன். பக்கத்து வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள்கூட அப்படியே நின்றுவிட்டாள். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவுக்குப் போனான், யாரும் அவனைக் கூப்பிட்ட மாதிரி தெரியவில்லை.

கண்ணு, அவன் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. ரத்தத்தைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள், திருந்திவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. ரத்தம் காய்ந்ததும் மறுபடி கட்டச் சொல்வார்கள். உன் சூப்பர்வைசர் அந்த அட்டைத் துண்டைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போகிறார், நல்ல மனிதர், கண்டுகொள்ள மாட்டார் என்று சொன்னாயே, அவர் நல்லதனத்தால் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. இன்றைக்கு உன்னால் வேலை வேகமாக நடக்கிறது, அது அவருக்கு வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால், நான் எதையும் பார்க்கவில்லை, அந்தப் பெண் தானாகச் செருகிக்கொண்டது என்று சொல்வார், அதுவும் அவருக்கு வேண்டும். உன் கை எந்தப் பக்கத்துக் கணக்கிலும் இல்லை. உன் கை எனக்கு வேண்டும், அவ்வளவுதான். உன்னைக் கெட்டிக்காரி என்று யார் சொன்னாலும் இந்த விஷயத்தில் நம்பாதே, உன் அப்பாவையும் அப்படித்தான் சொன்னார்கள்.

உடனே எடுத்துவிடு என்று எழுதுவது எனக்குச் சுலபம். எடுத்தால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். நீ ஒருத்தி மட்டும் எடுத்தால் நீ ஒருத்திதான் பின்தங்குவாய், ஏன் குறைகிறது என்று கேட்பார்கள், பக்கத்து மெஷின் ஓடுகிறதே என்பார்கள், உன்னை அனுப்பிவிட்டு அட்டை செருகத் தெரிந்த இன்னொருத்தியைக் கொண்டுவருவார்கள். அதனால் தனியாகச் செய்யாதே. உன் வரிசையில் இருக்கிற பெண்களைச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டு, நம் மொழி தெரியாதவளுக்குச் சொல்லிப் புரியவை. உன்னைப் பார்த்துத்தான் அவர்கள் செருகினார்கள், நீ சொன்னால் எடுப்பார்கள். எல்லோரும் ஒன்றாக எடுங்கள். எல்லா மெஷினும் ஒன்றாக மெதுவானால் யாரைத் துரத்துவது என்று அவர்கள்தான் யோசிக்க வேண்டும். யாரும் ஒத்துவரவில்லை என்றால் நீயாவது எடுத்துவிடு, அனுப்பினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, இங்கே ஒரு மாமியார் இருக்கிறாள், அவளைப் பிடிக்க மூன்றாவது ஆள் வந்தால் எனக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வெட்கப்படாதே, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இவ்வளவையும் அப்பாவுக்குத் தெரியாமல்தான் எழுத ஆரம்பித்தேன். பாதியில் வந்து நின்று என்ன எழுதுகிறாய் என்றார். மறைக்கத் தோன்றவில்லை, எடுத்துப் படித்துக் காட்டினேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு காலுறையைக் கழற்றினார், அதை அவர் என் முன்னாலேயே கழற்றுவதில்லை, குளிக்கப் போகும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழற்றுவார். காலை வெயிலில் நீட்டிவைத்து, "படம் எடு. விரல் இல்லாத பக்கம் தெரியணும், நெழலு விழாம எடு" என்றார். எடுத்தேன். போனில் அனுப்பட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார், போனில் வந்தால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போய்விடுவாள், கடையில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு அனுப்பு, நனைந்தாலும் கிழியாத காகிதமாகக் கேள் என்று அவரே சாய்ந்து சாய்ந்து நடந்து கடை வரைக்கும் வந்தார். உறையில் அந்தப் படம் இருக்கிறது. பார்த்து அழுதால் அழு, ஆனால் பெட்டியில் வைத்துப் பூட்டாதே. அப்பா அதை உனக்குப் பார்க்க அனுப்பவில்லை, உன் மெஷினில் ஒட்ட அனுப்புகிறார். இடது பொத்தானுக்கு மேலே, அட்டை செருக வருகிற கை முதலில் அதைத் தொடுகிற மாதிரி ஒட்டச் சொன்னார்.

எங்கள் இருவருடைய ஆசியும் உன் தலைக்கும், அதைவிட உன் இரண்டு கைக்கும் எப்போதும் இருக்கும். இருமல் மருந்தை நிறுத்தாதே, ஈரத் தலையோடு வேலைக்குப் போகாதே. ஒட்டியதும் எனக்குச் சொல். ஒட்டும் வரைக்கும் நல்லா இருக்கேன்மா என்று போனில் சொல்லாதே, நான் கேட்டுக்கொள்ள மாட்டேன்.

பதிலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா

(அப்பா கையெழுத்துப் போடப் பார்த்தார், பேனா நிற்கவில்லை. பெருவிரலில் கிரீஸ் இருந்தது, அப்படியே அழுத்தியிருக்கிறார். கறை என்று நினைத்துத் துடைத்துவிடாதே.)